பெரிய வியாதி

இறந்தவரின் வலக்காலில் இருந்த காலுறையின் விளிம்பை ஷாமினி இரு விரல்களால் பிடித்துக் கீழே சுருட்டத் தொடங்கியபோது, மாமியார் இராஜம்மா அவள் மணிக்கட்டைப் பற்றினார்.

"அத விடு."

"கட்டை விரலக் கட்டணும் அத்தை. சாக்ஸோட எப்படிக் கட்டறது?"

"சாக்ஸோடவே கட்டு. முடியலன்னா தள்ளு, நான் கட்டிக்கறேன்."

பூட்டிய கதவை மறுபடியும் இழுத்துப் பார்க்கிறவரின் பிடி அது. ஷாமினி கையை விடுவித்துக்கொண்டு பின்னே நகர்ந்தாள். இராஜம்மா வெள்ளைத் துணிக்கீற்றை எடுத்து, கணவரின் இரு கட்டை விரல்களையும் காலுறைகளோடு சேர்த்துச் சுற்றினார். முடிச்சு வழுக்கியது. மறுபடியும் சுற்றினார், மறுபடியும் வழுக்கியது.

சவப்பெட்டிக்காரர் தம்புசாமி வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். துறைமுக ஊரான கிள்ளானில் பாதிப் பேரை அடக்கத்துக்கு அனுப்பிவைத்தவர் என்ற மிதப்பு அவருக்கு உண்டு.

"எங்க இடத்துக்குக் கொண்டுபோயிருந்தா இந்தச் சிரமமே இல்லலா அம்மா. குளிப்பாட்டி, கோட்டு சூட்டு போட்டு, மாப்பிள்ளை மாதிரி கொடுத்திருப்போம்."

"என் வீட்டுக்காரர வெளியாளு யாரும் தொட வேணாம்."

"வெளியாளா? நானும் அவரும் போர்ட்ல ஒண்ணா வேலை பாத்தவங்க அம்மா."

"அப்பவும் அவரு காலுல சப்பாத்து போட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு," என்றார் இராஜம்மா.

தம்புசாமிக்கு அந்த விடையின் பொருள் விளங்கவில்லை. ஷாமினிக்கு அது நெஞ்சில் தைத்தது.

முந்தைய நாள் பிற்பகலில் மாமனார் சிவநேசன் இடப்பக்க விலாவைப் பிடித்துக்கொண்டு குளியலறை வாசலில் சரிந்தார். மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதற்குள் முகம் வெளிறிவிட்டது. சிறுநீரகத்தில் ஒரு கட்டி உடைந்து உள்ளுக்குள்ளேயே இரத்தம் கொட்டிவிட்டது என்று இளம் மருத்துவர் சொன்னார். கொழுப்பும் இரத்தக் குழாய்களும் பின்னிக் கிடக்கும் கட்டி. இரண்டு சிறுநீரகங்களிலும் இருந்திருக்கிறது. பல ஆண்டுகளாக வளர்ந்திருக்க வேண்டும். "குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி உண்டா?" என்று அவர் கேட்டார். கேள்வி முடிவதற்கு முன்பே இராஜம்மா, "இல்ல, யாருக்கும் இல்ல" என்று சொல்லிவிட்டார். கணவர் அப்போதுதான் இறந்திருந்தார். அழுகையே இன்னும் வராத அந்த வாயிலிருந்து மறுப்பு மட்டும் எப்படி அத்தனை விரைவாக வந்தது என்று ஷாமினி நினைத்தாள். அப்போது தொடங்கிய ஐயம் அவளை விடவில்லை.

பிறகு இராஜம்மா வேட்டி சட்டை எடுத்துவர வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தவர் வேட்டியை மறந்திருந்தார், காலுறைகளை மறக்கவில்லை.

அந்தக் கட்டியின் பெயர் ஷாமினிக்குப் புதிதன்று. மகள் யாழினியின் மருத்துவர் ஒவ்வோர் ஆண்டும் குழந்தையின் சிறுநீரகங்களில் அதைத்தான் தேடுகிறார்.

யாழினிக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே வலிப்பு வந்தது. முதலில் தலையைக் குனிந்து கைகளை விரிக்கும் சிறு திடுக்கிடல்கள். பால் எதுக்களிக்கிறது என்று எல்லாரும் நினைத்தார்கள். கோலாலம்பூரில் ஒரு மருத்துவர் அறை விளக்கை அணைத்து, நீல விளக்கொன்றைக் குழந்தையின் தோல்மீது பிடித்தார். தொடையிலும் முதுகிலும் இலை வடிவில் வெளிறிய திட்டுகள் ஒளிர்ந்தன. டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்று அவர் பெயர் சொன்னார். மரபணுவில் நேரும் பிழை அது; எழுத்துப் பிழைபோல. ஒருவர் உடம்பில் மூளையைத் தொடும், இன்னொருவர் உடம்பில் சிறுநீரகத்தை, வேறொருவர் உடம்பில் தோலையும் நகத்தோரங்களையும் மட்டும். பிழை ஒன்றே, அது கெடுக்கும் இடங்கள்தாம் வேறு. ஆகையால் வலிப்பு இல்லாதவரிடமும் அது இருக்கலாம். பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. இருவரிடமும் இல்லாமல் பிள்ளையிடம் புதிதாகத் தோன்றுவதும் உண்டு.

ஷாமினி தன்னைச் சோதித்துக்கொண்டாள். அவளிடம் அந்தப் பிழை இல்லை. அவள் கணவன் பாலன் சோதனைக்கு வரவே இல்லை. "எங்க பக்கம் யாருக்கும் வலிப்பு கிடையாது. அவன எதுக்கு ஊசி குத்தணும்?" என்று இராஜம்மா தடுத்தார். அவன் தாய் சொன்னதைக் கேட்டான். அதன் பிறகு, உறவினர் யார் வந்து குழந்தையைப் பற்றிக் கேட்டாலும், "பிரிக்ஃபீல்ட்ஸ்காரங்க வீட்டுல என்ன இருந்துச்சோ, நமக்கு என்ன தெரியும்" என்று ஷாமினியின் காதில் விழும்படி சொல்வது இராஜம்மாவின் வழக்கமாயிற்று. பிரிக்ஃபீல்ட்ஸில் தையற்கடை வைத்திருக்கும் ஷாமினியின் தாய் அதைக் கேட்டதிலிருந்து இந்த வீட்டு வாசற்படி ஏறவில்லை.

அந்தப் பழியை ஷாமினி சுமந்துவிடுவாள். அவளை அச்சுறுத்தியது வேறொன்று. போன மாதத்திலிருந்து பாலன் இடுப்பு வலி என்கிறான். அலுவலக நாற்காலி சரியில்லை என்று காரணமும் சொல்கிறான். மாமனாரும் சில மாதங்களாக இடுப்பைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வெட்டிவேர் மாலைகளை வாங்கி அடுக்கிக்கொண்டே அவள் பழையவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். மாமனாரை அவள் வெறுங்காலோடு பார்த்ததே இல்லை. பத்துமலை முருகன் கோயிலுக்குக் குடும்பமாகப் போனாலும், "நீங்க போய்ட்டு வாங்க, நான் கார் பாத்துக்கறேன்" என்று நிழலில் நின்றுவிடுவார். அவருடைய காலுறைகள் வெளிக்கொடியில் காய்ந்ததில்லை. அறைக்குள் மின்விசிறிக்கு எதிரே நாற்காலி முதுகில் தொங்கும். மூக்கின் இரு பக்கமும் கன்னத்திலும் சிவந்த சிறு மொட்டுகள் அவருக்கு இருந்தன. சின்ன வயதில் போட்ட அம்மையின் வடு என்றார்கள். அம்மை வடு குழியாக அல்லவா இருக்கும்? மருமகளாக வந்த நாள்தொட்டு அந்த முகத்தைப் பார்த்தும், இந்தக் கேள்வி இன்றுதான் அவளுக்குத் தோன்றியது. தன்மீதே அவளுக்குக் கோபம் வந்தது.

எல்லாவற்றிற்கும் மேலாக, அவர் பேத்தியை ஒருமுறைகூடத் தூக்கியதில்லை. குழந்தை தவழ்ந்து அருகே போனால் கால்களை மடக்கிக்கொள்வார். "தாத்தாவத் தொடாத பாப்பா" என்று இராஜம்மாவின் குரல் எங்கிருந்தாலும் வந்துவிடும். நோய்ப்பிள்ளையைக் கண்டு அருவருக்கிறார்கள் என்றே ஷாமினி இத்தனை காலமும் எண்ணியிருந்தாள்.

வாசலில் போட்டிருந்த கூடாரத்தின் கீழ் அதற்குள் பேச்சு சூடேறியிருந்தது. காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்த ஜெயராஜ், இறந்தவரின் அண்ணன், முடிதிருத்துபவரைக் கையோடு அழைத்து வந்திருந்தார். பாலன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"மீசை மட்டும் எடுத்தா போதும் அத்தான்," என்றார் இராஜம்மா.

"என்னம்மா பேசற? ஒரே பிள்ளை. மொட்டை போடாம கொள்ளி வைக்கலாமா?"

"இப்ப யாரு போடறா? அவன் ஆபீஸ் போகணும்."

"எங்கப்பா செத்தப்ப நானுந்தான் மொட்டையோட போர்ட்டுக்குப் போனேன். கிரேன் என்னைப் பாத்துச் சிரிக்கல."

கூடாரத்தில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். முடிதிருத்துபவர் கத்தியையும் கிண்ணத்தையும் வைத்துக்கொண்டு, "யாராச்சும் ஒண்ணு சொல்லுங்க அண்ணே, சவரக்காரன் நடுவுல நிக்கறேன்," என்றார்.

பாலன் தாயைப் பார்த்தான். "அம்மா சொல்றபடியே செஞ்சிருங்க பெரியப்பா."

ஷாமினி வாசற்கதவைப் பிடித்தபடி நின்றாள். பாலனுக்கு இன்றுவரை முடி வெட்டுவது அவன் தாய்தான். கல்யாணமான புதிதில் அவள் அதை 'அம்மா சலூன்' என்று கேலி செய்திருக்கிறாள். மாதந்தோறும் தாயின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு முடி வெட்டுவதும் சாயம் பூசுவதும் நடக்கும். இளநரை என்றார்கள். இந்த வீட்டில் மறைக்கப்பட்டவை எத்தனை? காலில் ஒன்று, தலையில் ஒன்று. நடுவில் சிறுநீரகத்தில் என்ன இருக்கிறது என்பதை யார் பார்த்தார்கள்?

அவள் சமையலறைக்குப் போனாள். இராஜம்மா மீசைப் பேச்சு முடிந்துவிட்டது என்ற எண்ணத்தில் அங்கே வந்து பித்தளைச் சட்டியில் மஞ்சள் நீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். ஷாமினி கதவைச் சாத்தினாள்.

"அத்தை, மாமா காலுல என்ன இருக்கு?"

"காலுல விரல் இருக்கு."

"விரலைச் சுத்தி?"

மஞ்சள் நீரில் கை நின்றது.

"ஜனம் கூடியிருக்கு ஷாமினி. வாய மூடிக்கிட்டுப் போய் வேலையப் பாரு."

"நகத்தோரத்துல சதை மொட்டு மொட்டா இருக்கும். உடம்புல வெள்ளையா, இலை மாதிரி. பாலன் தலையில அதே வெள்ளை. அதுக்குத்தான் சாயம். சரியா? உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே எங்கம்மா வீட்டு மேல பழி போட்டீங்க."

"மெதுவா பேசுடி." இராஜம்மா சன்னலைப் பார்த்தார், பிறகு கதவைப் பார்த்தார். குரல் இறங்கியது. "ஆமா, தெரியும். என்ன செய்யச் சொல்ற? ஊரக் கூட்டிச் சொல்லச் சொல்றியா? நீ கொண்டு வந்த பேருதானே அது. நீதானே அன்னைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இதே இடத்துல நின்னு சொன்ன."

"நான் என்ன சொன்னேன்?"

"பாப்பாவுக்குப் பெரிய வியாதின்னு சொன்ன. தோல்ல வெள்ளையா இருக்கறதும் அதுதான்னு சொன்ன."

ஷாமினிக்கு உடனே விளங்கவில்லை. மருத்துவர் மலாயிலும் ஆங்கிலத்திலும் நெடுநேரம் விளக்கியதை மாமியாருக்குத் தமிழில் சொல்லும் வேலை அன்று அவளுக்கு இருந்தது. சொல் கிடைக்காமல், பெரிய நோய் என்று சொல்ல வேண்டிய இடத்தில் பெரிய வியாதி என்று சொல்லியிருந்தாள். அந்தச் சொல்லுக்கு முந்தைய தலைமுறையில் ஒரே பொருள்தான் உண்டு என்பது அவள் நினைவுக்கு வரவில்லை.

"குஷ்டம்னு நினைச்சீங்களா?" என்றாள் மெல்ல.

இராஜம்மா கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எங்க சித்திக்கு முதுகுல இப்படித்தான் வெள்ளையா ஒண்ணு வந்துச்சு. டெங்கில் பக்கம் ஒரு தோட்டத்துல இருந்தோம். ஒருநாள் வண்டி வந்துச்சு. அந்த வியாதிக்காரங்கள அடைச்சு வைக்கற சுங்கை பூலோவுக்குக் கொண்டுபோயிட்டாங்க. கைப்பிள்ளைய எங்கம்மா கையில கொடுத்துட்டு ஏறுனாங்க. சித்தி தொட்ட பாத்திரத்தை எல்லாம் எங்கம்மா மண்ணுல புதைச்சாங்க. அதுக்கப்புறம் அந்த வீட்டுல யாரும் பொண்ணு எடுக்கல."

"அத்தை..."

"கல்யாணமாகி வந்து பாத்தா, உங்க மாமா முதுகுல நாலஞ்சு எடத்துல அதே வெள்ளை. அப்புறம் கால் விரல்ல கட்டி கட்டியா. கிள்ளிப் பாத்தேன், சொரணை இருந்துச்சு. ஆனாலும் பயம் போகுமா? பாலன் பொறந்தான், தலையில வெள்ளை முடியோட." அவர் கையை முந்தானையில் துடைத்தார். மஞ்சள் கறை துணியில் இறங்கியது. "இப்ப யாரையும் கொண்டுபோறதில்லன்னு எனக்கும் தெரியும். சொல்லியிருந்தா உங்கம்மா உன்னைக் கொடுத்திருப்பாங்களா? அதச் சொல்லு."

கொடுத்திருக்க மாட்டாள் அம்மா என்று ஷாமினிக்குத் தெரியும்.

"பாப்பாவ நாங்க தூக்கலன்னு உனக்குக் கோவம். அவருக்கு ஆசை இல்லாமலா? ஒட்டிக்கும்னு நான்தான் விடல. நீ வந்து பெரிய வியாதின்னு சொன்ன அன்னைக்கு, கட்டில்ல உக்காந்துக்கிட்டு, நான் தூக்கவே இல்லையே இராஜம், அப்புறம் எப்படி ஒட்டிச்சுன்னு கேட்டாரு. சோறு திங்கல."

வெளியே யாரோ நாற்காலியை இழுத்தார்கள். ஷாமினி மாமியாரின் முகத்தை உற்றுப் பார்த்தாள். இத்தனை ஆண்டுகளாக இந்த முகத்தை நம்பாமலே பழகியிருந்தாள்; இப்போதும் முழுதாக நம்ப அவளுக்கு மனம் வரவில்லை.

"அது குஷ்டம் இல்ல அத்தை. தொட்டு வராது. அப்பாகிட்ட இருந்து பிள்ளைக்கு, பிள்ளைகிட்ட இருந்து பேத்திக்கு ரத்தத்துல வர்றது. பாப்பாவுக்கு மூளையில. மாமாவுக்குக் கிட்னியில. ரெண்டும் ஒண்ணுதான். மாமாவ முன்னாடியே ஸ்கேன் பண்ணியிருந்தா, உடையறதுக்கு முன்னாடியே அந்தக் கட்டிக்கு ஏதாச்சும் செஞ்சிருக்கலாம்."

சொன்ன பிறகுதான் கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. இராஜம்மா சட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"பாலனுக்கு இடுப்பு வலி," என்றாள் ஷாமினி. "போன மாசத்துல இருந்து."

"என்கிட்டச் சொல்லலையே."

"உங்ககிட்ட யாரு எதைச் சொல்ல முடியும் அத்தை?"

இராஜம்மா சட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்தார். ஷாமினி அவர் முதுகைப் பார்த்தபடி நின்றாள். பேச்சு அவ்வளவுதான், மறுபடியும் எல்லாம் மூடப்படும் என்றே நினைத்தாள்.

கூடத்தில் பெண்கள் வழிவிட்டார்கள். இராஜம்மா சட்டியைக் கீழே வைத்து, கணவரின் காலருகே உட்கார்ந்தார். வழுக்கிக்கொண்டே இருந்த முடிச்சை அவிழ்த்தார். வலக்காலின் காலுறையைப் பாதிவரை இறக்கியவர் நிறுத்தினார். சுற்றி இருந்தவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு இரண்டையும் உருவி எடுத்தார்.

கட்டை விரலின் நகத்தைச் சுற்றிச் சதைமொட்டுகள் நெருக்கமாக முளைத்திருந்தன. ஒன்று நகத்தையே பிளந்துகொண்டு வெளியே வந்திருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"ஷாமினி," என்றார் இராஜம்மா. "இங்க வந்து கட்டு."

அவள் வந்து அமர்ந்து, மஞ்சள் நீரால் அந்த விரல்களைக் கழுவி, துணிக்கீற்றைச் சுற்றி முடிந்தாள். இம்முறை வழுக்கவில்லை.

இராஜம்மா எழுந்து வாசலுக்குப் போனார். கையில் ஒரு துண்டு இருந்தது. முடிதிருத்துபவர் பாலனின் மீசையை எடுத்து முடித்து, கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"முழுசா எடுத்துருங்க."

ஜெயராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்பத்தானே வேணாம்னே?"

"இப்ப வேணுங்கறேன் அத்தான்."

பாலன் திரும்பினான். "அம்மா?"

"குனி," என்றார்.

சாயம் பூசிய முடி கொத்துக்கொத்தாகச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. பின்மண்டையில், இடக்காதுக்கு மேலே, தலையின் தோல் ஓரிடத்தில் மட்டும் நிறம் வெளுத்திருந்தது. ஒரு முனை அகன்று, மறுமுனை கூர்ந்து. ஜெயராஜ் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"தேமல் போல."

"தேமல் இல்ல. அவங்க தாத்தன் பாட்டன் வழியில வந்ததோ என்னவோ. இவன் அப்பா முதுகுலயும் இருக்கு. புதன்கிழமை பாப்பாவுக்கு ஆஸ்பத்திரி. இவனும் போறான்."

"எட்டு முடியட்டும்மா, பதினாறு முடியட்டும். கருமம் பண்றவன் இப்பப் போய் ஆஸ்பத்திரி, கீஸ்பத்திரின்னு..."

"பதினாறு பண்றதுக்கு அவன் இருக்கணும்ல அத்தான்."

தம்புசாமி தொண்டையைச் செருமிக்கொண்டு தம் வண்டியைப் பார்க்கப் போனார். பாலன் கையை மெல்ல உயர்த்திப் பின்மண்டையைத் தடவினான். பிறகு ஷாமினியைப் பார்த்தான். அவனுக்கு எவ்வளவு தெரியும், எப்போதிலிருந்து தெரியும் என்று அவன் கண்களில் அவள் தேடினாள். எதையும் தீர்மானிக்க முடியவில்லை. அவன் சிறுநீரகத்தில் என்ன இருக்கிறது என்று தெரியவும் புதன்கிழமை வரை காத்திருக்க வேண்டும்.

யாழினி செருப்பில்லாமல் வாசலுக்கு ஓடி வந்தாள். மொட்டைத் தலையோடு இருந்த தகப்பனை அடையாளம் தெரியாமல் சற்று நின்றாள். பிறகு நாற்காலியின் பின்பக்கம் போய், அதன் காலில் ஏறி, அந்த வெளுத்த இடத்தில் விரலை வைத்தாள். மருத்துவர் சொல்லிக் கொடுத்த சொல் அவளுக்கு மறக்கவில்லை.

"இலை," என்றாள். தன் சட்டையைத் தூக்கித் தொடையைப் பார்த்துவிட்டு மறுபடியும் சொன்னாள். "அப்பாவுக்கும் இலை."

அவள் விரல் இலையின் ஓரமாகச் சுற்றி வந்தது. எல்லாரும் இராஜம்மாவைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் வழக்கமாகக் கேட்கும் 'தொடாத' என்ற சொல்லுக்காக ஷாமினியும் காத்திருந்தாள்.

மகனின் தலையை மூடுவதற்காகக் கொண்டுவந்திருந்த துண்டை இராஜம்மா இரண்டாக மடித்தார், மறுபடியும் மடித்தார். பிறகு அதைத் தம் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நீர்மாலைச் சடங்குக்குக் குடங்களை எடுத்து வைக்க உள்ளே போனார்.